கலைத் தீவில் ஒரு செவ்வாய் மூலை

ஜப்பானுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கலை, கட்டடம், தீவு என்று நான் ஏதோ பெரிய ரசனைக்காரி போல அளப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். எனக்கும் கலைக்கும் ரொம்பத் தூரம். யாங்கூனில், அதாவது நம்ம ரங்கூனில், கியாக்டடா பக்கம், சூலே பயா என்கிற பௌத்தக் கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுக்கிற மெஷின், லேமினேஷன் மெஷின், ஜெனரேட்டர். இதில் எது ஓடவில்லை என்பதை என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் கிண்டல் செய்வார்.

கொஞ்ச வருஷமாக என் கடைக்கு வருவதெல்லாம் பாஸ்போர்ட்டுதான். தெருவில் வளர்ந்த பிள்ளைகள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். தாய்லாந்து, மலேசியா, ஜப்பான் என்று எங்கே கதவு திறந்திருக்கிறதோ அங்கே. "போய் நல்லா இரு, ஊறுகாய் எடுத்துக்கிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே நகல் எடுத்துக் கொடுத்தவள் நான். என் மகளுடைய பாஸ்போர்ட்டை அதே கண்ணாடி மேல் வைத்து மூடியபோது மட்டும் பொத்தானை அழுத்த மனசு வரவில்லை. ஊரார் பிள்ளை போனால் பெருமை, நம் பிள்ளை போனால் பயம். நான் மட்டும் என்ன விதிவிலக்கா?

அவள் போனது முதியோர் இல்ல வேலைக்கு. ஜப்பானில் கடலோரமாக ஒரு சின்னத் துறைமுக ஊர். "ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துடுவேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான் குடும்பம். யாங்கூனிலேயே அலோன் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. பையன் ஆற்றோரச் சரக்குக் கிடங்கில் மேற்பார்வை. குடிக்காத பையன். தமிழும் பேசுவான். பெண் வந்ததும் தை மாசத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பையனுடைய அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். மகளிடம் போனில் கேட்டால் "பாக்கலாம்மா" என்பாள். ஒரு பெண் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எந்த அம்மாவுக்குத் தெரியாது? ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நேரிலேயே போய் ஆளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அவள் தங்கியிருந்த அறையைப் பார்த்தேன். பாய் விரித்த ஒரே அறை. ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு பூ. "யாரு குடுத்தா?" என்று கேட்டேன். "நானே வாங்கினேம்மா" என்றாள். தனக்குத் தானே பூ வாங்குகிற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் ஊருக்குக் கிளம்புகிற பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. பர்மாக்காரர்கள் இதற்கு ஆனாடே என்பார்கள். எதிரில் இருப்பவர் மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொள்வது. எனக்கு அந்த வியாதி கிடையாது. ஆனால் பர்மாக்காரப் பிள்ளைகளோடு வளர்ந்த என் மகளுக்கு அது உடம்பெல்லாம் ஊறிப் போயிருந்தது. அவள் வாயைத் திறக்காமல் நான் திறந்தால் சண்டையாகிவிடும் என்று, ஆச்சரியமாக, நானும் பொறுத்துக்கொண்டேன்.

அவளுக்கு லீவு வந்த நாளில், "ஒரு தீவுக்குப் போலாம்மா, படகுல" என்றாள்.

"கோயிலா?"

"இல்லம்மா, ஆர்ட். தீவு முழுக்க ஆர்ட்தான். கட்டடமெல்லாம் பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். உலகத்துல எங்கெங்கயோ இருந்து வர்றாங்க."

"ரங்கூன்லேருந்து யாராச்சும் வந்தாங்களா?"

"நீங்கதாம்மா மொதல் ஆளு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே கிளம்பினேன்.

படகு என்றால் எனக்கு எங்கள் ஆற்றில் அக்கரை டலாவுக்குப் போகிற படகுதான். பட்டாணி விற்பவன், காடை முட்டை விற்பவள், சைக்கிள், கோழி, கடற்பறவைக்குப் பொரி வீசுகிற கூட்டம். இந்தப் படகில் யாரும் இருமக்கூட இல்லை. தும்மல் வந்தும் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டே போனேன்.

தீவில் இறங்கியதும் கரையிலேயே ஒரு பெரிய பூசணிக்காய். நிஜப் பூசணி இல்லை, ஆள் உள்ளே நுழைகிற அளவுக்குச் செய்து வைத்தது, உடம்பெல்லாம் கறுப்புப் பொட்டு. ஜனங்கள் வரிசையில் நின்று அதன் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குடி திருஷ்டி சுத்தினாங்க? சுத்திட்டு உடைக்காமல்ல விட்டுட்டாங்க" என்றேன்.

"அம்மா! அது ரொம்பப் பேர் போன சிற்பம்."

"இருக்கட்டும். இவ்வளவு பெரிய காய் வச்சிருக்காங்கன்னா ஊருக்கே ஏதோ பெரிய கண் பட்டிருக்கு."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பரவாயில்லை, இவள் இன்னும் நம்ம பெண்தான் என்று எனக்குத் தெம்பு வந்தது. இன்றைக்கே கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஏறி மலைப்பக்கம் போனோம். அங்கே ஒரு கட்டடம், பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைந்திருந்தது. மழமழவென்று சிமென்ட் சுவர். பூச்சு இல்லை, பெயின்ட் இல்லை. எங்கள் ஊரில் இப்படிச் சுவர் நின்றால் வீடு கட்டினவருக்குப் பணம் தீர்ந்து போச்சு என்று அர்த்தம். தொட்டுப் பார்த்தேன், பட்டுத்துணி மாதிரி வழவழவென்று இருந்தது. மேலே கூரையில் ஒரு கீறல் விட்டு, அதன் வழியாக வெளிச்சத்தை ஒரு கோடாக உள்ளே இறக்கியிருந்தார்கள். அந்தக் கோடு எதிர்ச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதை மகள் எனக்குக் காட்டினாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. இந்த ஊரைப் பற்றி எதையும் நல்லபடியாகச் சொல்லக்கூடாது என்று ஒரு வீம்பு.

அடுத்து இருட்டு அறை ஒன்று இருக்கிறது, அதற்குத் தனியாக நேரம் வாங்க வேண்டும் என்று என்னைத் தோட்டத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் போனாள். அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கடலைப் பார்த்த மேட்டில், நடுவே புல் முளைத்த ஒரு சின்னக் குன்று. சுற்றி வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, அதில் வட்டமாக, இடுப்பு உயரத்துக்குக் கல் நட்டிருந்தார்கள். எண்ணினேன். எட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் பயாவுக்குப் போனாலும் நடுவில் கோபுரம், சுற்றி எட்டு மூலை. வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை, புதன்கிழமைக்கு மட்டும் இரண்டு. பிறந்த கிழமையின் மூலைக்குப் போய், அங்கே இருக்கிற சிலைக்கு வயசுக்கு ஒரு கிண்ணம், மேலே ஒன்று என்று தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வோம். நாங்கள் இந்துக்கள்தான். மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவோம், சூலே பயாவில் தண்ணீரும் ஊற்றுவோம். ரங்கூன் தமிழச்சிக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. மகள் செவ்வாய்க்கிழமை பிறந்தவள். அவள் போன நாளிலிருந்து வாரம் தவறாமல், கடை திறக்கும் முன்னால், தென்கிழக்கு மூலையில் சிங்கத்துக்கு நான் தண்ணீர் ஊற்றி வருகிறேன். ஜப்பானிலும் பௌத்தம்தானே, இவர்களுக்கும் இந்த வழக்கம் இருக்கிறது போல, நம்ம ஊர் மாதிரி சிலை செதுக்காமல் வெறும் கல்லாக விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சந்தேகமே வரவில்லை.

சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, தென்கிழக்குக் கல்லைக் கண்டுபிடித்தேன். செருப்பைக் கழற்றினேன். கூழாங்கல் மேல் நடந்து போய், பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியையே கிண்ணமாக வைத்து ஊற்ற ஆரம்பித்தேன். "என் பொண்ணு என்னோட வீட்டுக்கு வந்துடணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு." ஒவ்வொரு மூடிக்கும் அதையே சொன்னேன். கல் மேல் தண்ணீர் பட்ட இடமெல்லாம் கறுத்துக்கொண்டே வந்தது.

பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். சாம்பல் நிறச் சட்டை போட்ட காவலாளி, என் வயசு இருக்கும். இரண்டு கையையும் நீட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டே வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். முகம்தான் வெளுத்துப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது சாமி இல்லை, யாரோ செய்து வைத்த கலை. ஐயையோ!

மகள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள். நேரே காவலாளி முன்னால் போய்க் குனிந்தாள். நிமிர்ந்து ஏதோ சொன்னாள், மறுபடி குனிந்தாள். பேசப் பேசக் குனிந்தாள். அவள் குரலே வேறு மாதிரி, மெல்லியதாக, தேன் தடவினாற்போல இருந்தது. என் மகள் யாரிடமும் இப்படித் தலை தாழ்ந்து நான் கண்டதில்லை, அதுவும் என்னால். நானும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

அவள் வானத்தைக் காட்டினாள், கல்லைக் காட்டினாள், தண்ணீர் ஊற்றுகிற மாதிரி கையால் செய்து காட்டினாள். காவலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். துணியை எடுத்துத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. எழுந்து ஏதோ சொல்லிவிட்டு எனக்கும் ஒரு தடவை குனிந்துவிட்டுப் போனார்.

"என்னடி சொன்னாரு?"

"வெறும் தண்ணிதானே, வெயில்ல காஞ்சிடும்னாரு. இனிமே கல்லைத் தொட வேண்டாம்னாரு. உங்க காலுக்குக் கூழாங்கல் சுடும், செருப்பப் போட்டுக்கச் சொன்னாரு."

"நல்ல மனுஷன்."

"அம்மா, போலாம், நேரமாச்சு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருட்டு அறைக்குள் நுழையும்போது சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே போகச் சொன்னார்கள். உள்ளே துளி வெளிச்சம் இல்லை. முன்னால் போன வெள்ளைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு "சாரி, சாரி" என்றார்கள். நான் என் வீட்டுக் கூடத்தில் நடப்பது போலப் போய், பெஞ்சைக் கண்டுபிடித்து, மகள் கையையும் இழுத்து உட்கார வைத்தேன். வேளைக் கணக்குப் போட்டுக் கரண்ட் கொடுக்கிற ஊர்க்காரிக்கு இருட்டு ஒரு விஷயமா? "இதுக்குப் போய் டிக்கெட்டா?" என்று காதோடு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

எல்லோரும் தடவித் தடவி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மகள் தமிழில், ரொம்ப மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, நீங்க எதுக்குத் தண்ணி ஊத்தினீங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி."

"நான் வரலம்மா."

அவளே பேசினாள். "மறுபடியும் ஒப்பந்தம் போடப் போறேன். போன்ல சொல்ல ஆனாடேயா இருந்துச்சு. நேர்ல உங்க மூஞ்சியப் பாத்தா இன்னும் சொல்ல வராது. போன தடவை கூட வேலை செய்யுறவங்களோட இங்க வந்தேன். இந்த இருட்டுல உக்காந்தப்போ, அம்மாவ இங்க கூட்டிட்டு வந்தா சொல்லிடலாம்னு தோணுச்சு. கரண்ட் போனப்பதானே நாம எப்பவும் எல்லாத்தையும் பேசுவோம்."

அது உண்மைதான். அவள் ஸ்கூலில் அடி வாங்கியது, அவள் அப்பாவுக்கு வைத்தியம் பலிக்காது என்று நான் அவளிடம் சொன்னது, எல்லாமே கரண்ட் இல்லாத நேரங்களில்தான்.

"ஊர் நெலமைய நெனச்சா பயமா இருக்கா?" என்று கேட்டேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. பயமில்லாத ஊர் எது, நாங்கள் எல்லாம் இருக்கவில்லையா என்று. கஷ்டம் என்றால் அதற்கும் பதில் வைத்திருந்தேன். வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்தவள் நான்.

"பயம் இல்லம்மா. இங்க எனக்குப் பிடிச்சிருக்கு."

என் ஒத்திகையில் இந்த வார்த்தை வரவே இல்லை.

"சைக்கிள்ல வேலைக்குப் போறது பிடிச்சிருக்கு. அந்தத் தாத்தா பாட்டிங்களப் பிடிச்சிருக்கு. லீவன்னைக்குத் தனியா நடப்பேன், யாரு மக, எங்க போறான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ரூம் சாவி என்கிட்ட இருக்கு. அவ்வளவுதாம்மா. வேற காரணம் இல்ல."

"என்னையப் பிடிக்கலையா?" கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன்.

"உங்களையும் பிடிக்கும். ரெண்டும் பிடிச்சிருக்கு. அதனாலதானே இத்தனை மாசம் வாயே தெறக்கல."

என் கை அவள் கைக்குள் இருந்தது. உதறிவிடலாமா என்று வந்தது. எதிரே இருட்டையே முறைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே சுவர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் மெல்லத் தெரிந்தது. விளக்கு முன்பிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்ததாம், கண் பழகத்தான் அத்தனை நேரமாம். அதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"மீ லா பீ!"

கரண்ட் வந்துடுச்சு என்று பர்மிய மொழியில். எங்கள் தெருவில் கரண்ட் வந்தால் எட்டாவது மாடியிலிருந்து கீழ்க்கடை வரைக்கும் எல்லோரும் ஒரே குரலில் போடுகிற சத்தம் அது. அந்த அறையில் நான் ஒருத்திதான் போட்டேன். யாரோ திடுக்கிட்டு எழுந்தார்கள். மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு என்று நினைத்தேன். என் ரவிக்கை நனைந்தது.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வெளிச்சத்தில் எப்போதும் எனக்கு அப்படித்தான். துறைக்கு நடந்து போகிற வழி முழுக்கத் திட்டினேன். பையன் வீட்டுக்கு என்ன சொல்வேன், தெருவில் எப்படித் தலை காட்டுவேன், நான் உடம்புக்கு முடியாமல் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

"பிடிச்சிருக்காம், பிடிச்சிருக்கு! எனக்குந்தான் எத்தனையோ பிடிச்சிருந்துச்சு. எந்த மகராசி வந்து கேட்டா?" என்றேன்.

மகள் நின்றுவிட்டாள். "என்னம்மா பிடிச்சிருந்துச்சு?"

வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் யோசித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் கல்யாணம், பிறகு பிள்ளை, பிறகு கடை, பிறகு வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரி. ஏதோ ஒன்று பிடித்துத்தான் இருந்தது, நிச்சயமாக இருந்தது. அது என்ன என்றுதான் ஞாபகம் வரவில்லை. சாலையோரமாக ஒரு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

துறையில் படகுக்காகக் காத்திருக்கும்போது போன் அடித்தது. பையனுடைய அம்மா. யாங்கூனில் கரண்ட் இருக்கிற நேரம் போல, வைபர் ஆப்பில் கூப்பிட்டார். பேரைப் பார்த்ததும் மகள் பதறினாள்.

"கம்பெனிக்காரங்க விடலன்னு சொல்லிடுங்கம்மா. அப்படிச் சொன்னா யாருக்கும் வருத்தம் இருக்காது."

நல்ல யோசனைதான். ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பாவம், பெண்ணை விடமாட்டேன் என்கிறார்கள் என்று எனக்காக எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். நான் போனை எடுத்தேன்.

"என்ன தங்கச்சி, பொண்ணு ரெடியா? டிக்கெட் போட்டாச்சா?"

"அக்கா, அவ வரல."

"ஏன், லீவு குடுக்கலையா?"

"அதெல்லாம் குடுப்பாங்க. அவளுக்கு இங்க பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கா? இது என்ன பேச்சு? பிடிச்சிருக்குன்னு சொல்லுற பொண்ண அம்மாக்காரி நாலு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டேங்க்கா. நாப்பது வார்த்தை கேட்டேன். உங்க பிள்ளை தங்கமான பிள்ளை, அதுல ஒரு குறையும் இல்ல. காத்திருக்க வச்சதுக்கு என்னைய மன்னிச்சுக்குங்க. வேற இடம் பாருங்க." திட்ட வந்தவர் திட்டவில்லை.

"சரி விடு. நமக்குக் குடுத்து வைக்கல" என்றார். பிறகு, மனசு தாங்காமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், "அப்ப அந்தப் புள்ள எப்பத்தான் வீட்டுக்கு வரும் தங்கச்சி?"

மகள் என் எதிரில் நின்றிருந்தாள். காற்றில் முடி முகத்தில் விழ, இரண்டு பையையும் கீழே வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ வீட்டுலதாங்க்கா இருக்கா" என்றேன். "நான்தான் வீட்டுக்குக் கிளம்பணும்."